வடிவத்தின் விதியைத் தேடியவர்: நதீர் அஃபோன்சோவின் வாழ்வும் ஓவியமும்



நுண்கலையைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆற அமரப் பேச ஒரு மேடை வேண்டும் என்று நினைத்து, அதற்கென இந்த அறக்கட்டளையை நிறுவி ஒரு தொகையை ஒதுக்கி வைத்த குடும்பத்தாரின் மனத்தை முதலில் வணங்குகிறேன். இவ்வாண்டு உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவர் போர்ச்சுகல் நாட்டு ஓவியர் நதீர் அஃபோன்சோ. 1920 டிசம்பரில் பிறந்து 2013 டிசம்பரில் மறைந்தவர். வட்டம், முக்கோணம், செவ்வகம், வளைகோடு ஆகிய வடிவங்களைக் கொண்டே ஒரு வாழ்நாள் முழுவதும் வரைந்தவர். கட்டடக்கலை படித்து, இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் கட்டடக் கலைஞர்களிடம் பணியாற்றி, பிறகு அந்தத் தொழிலையே துறந்தவர். ஓவியத்தோடு நிற்காமல், அழகு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித் தொடர்ந்து நூல்கள் எழுதியவர்.

அருவ ஓவியத்தின் முன்னால் நிற்கும் நம்மில் பெரும்பாலோர் கேட்பது, ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்பதுதான். நதீர் கேட்டது வேறு. இந்த வட்டம் இந்த இடத்தில் பொருந்தி நிற்கிறதே, ஏன்? இதை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் படம் குலைகிறதே, ஏன்? இதற்கு விடை உண்டு என்றும், அந்த விடை ஆளுக்கு ஆள் மாறும் ரசனையில் இல்லை, வடிவங்களிலேயே இருக்கிறது என்றும் அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவர் ஓவியங்களை உருவாக்கியது. அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்பதே இவ்வுரையின் சாரம்.

தமேகா ஆற்றங்கரை ஊர்

போர்ச்சுகலின் வடகோடியில், ஸ்பெயின் எல்லைக்கு அருகில், தமேகா ஆற்றின் கரையில் இருக்கிறது ஷாவெஸ் என்னும் ஊர். வெந்நீர் ஊற்றுகளுக்காக ரோமானியர் குடியேறிய இடம். அவர்கள் கட்டிய பாலம் இன்றும் ஆற்றின் குறுக்கே நிற்கிறது. நதீர் பிறந்தது இங்கேதான். தந்தை ஆர்தூர் மரியா அஃபோன்சோ ஒரு கவிஞர். நான்கு வயதில் வீட்டுச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் ஒரு வட்டம் வரைந்ததே நதீரின் முதல் ஓவியம் என்று அவர் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்லும். அந்த வயதுப் பிள்ளைகள் சுவரில் வரைவது வழக்கமாக அம்மாவையோ, வீட்டையோ, சூரியனையோதான். இந்தப் பிள்ளை வரைந்தது வெறும் வட்டம். பிற்காலத்து ஓவியரை வைத்துக்கொண்டு பிள்ளைப் பருவத்துக்கு அளவுக்கு மீறிப் பொருள் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எதையும் குறிக்காத ஒரு வடிவமே போதும் என்ற நிறைவு அவருக்கு அப்போதே இருந்திருக்கிறது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஓவியம் படிக்க வேண்டும் என்று போர்த்தோ நகரத்து நுண்கலைப் பள்ளிக்குப் போனார். சேர்க்கைக்கு மனுக் கொடுக்கப் போன இடத்தில் இருந்த அலுவலர், உயர்நிலைப் படிப்பு முடித்தவர் கட்டடக்கலையில் அல்லவா சேர வேண்டும் என்று சொல்ல, இளைஞர் அதை ஏற்றுக் கட்டடக்கலையில் சேர்ந்துவிட்டார். மனுக் கொடுக்கும் இடத்தில் எடுத்த அந்த முடிவு அவரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் கட்டிப்போட்டது. ஆனால் கட்டடக்கலைப் படிப்பு வீணாகிவிடவில்லை. திட்டப்படம் வரைந்து பழகிய கையும், வெளியை அளந்து பார்க்கப் பழகிய கண்ணும் அவர் ஓவியத்தில் கடைசிவரை இருந்தன.

அன்றைய போர்த்தோவில் ‘இன்டிபென்டன்டஸ்’ என்ற பெயரில் இளம் கலைஞர்கள் கூடிக் கண்காட்சிகள் நடத்திவந்தார்கள். போர்ச்சுகலில் வடிவியல் அருவ ஓவியத்தை முதலில் தொடங்கியவர்களுள் ஒருவரான ஃபெர்னாந்தோ லான்யாஸ் அதில் முன்னின்றவர். அவரும் கட்டடக்கலை மாணவரே. நதீரும் அந்தக் கண்காட்சிகளில் பங்கேற்றார். போர்த்தோவின் ஆற்றங்கரைக் குடியிருப்பை வரைந்த ‘ரிபெய்ரா’ என்ற அவருடைய எண்ணெய் வண்ண ஓவியத்தை லிஸ்பனின் தற்காலக் கலை அருங்காட்சியகம் வாங்கியபோது அவருக்கு வயது 24. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள், சன்னல்கள், கூரைகள், கீழே நீர் என்று அமைந்த இடம் அந்த ரிபெய்ரா. நகரம் என்ற பொருள் அவரை விட்டு ஒருபோதும் போகவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பாரிஸில் ஓவியமும் கட்டடமும்

1946-இல் நதீர் பாரிஸுக்குப் போனார். போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்த பாரிஸ் அது. பிரேசில் நாட்டு ஓவியர் காந்திதோ போர்ட்டினாரியின் துணையால் பிரெஞ்சு அரசின் உதவித்தொகை கிடைத்தது. நுண்கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றுகொண்டே கட்டடக் கலைஞர் லெ கார்புசியேயின் அலுவலகத்தில் சேர்ந்தார். 1948 வரையிலும், பிறகு 1951-இலும் அங்கே பணியாற்றினார். சில காலம் ஓவியர் ஃபெர்னான் லெஜேயின் கூடத்தையும் பயன்படுத்திக்கொண்டார்.

செவ்ர் தெரு 35-ஆம் எண்ணில் இருந்த அந்த அலுவலகத்தின் வரைபலகைகளில் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது, மார்செய் நகரத்து மாபெரும் அடுக்ககம். ஒரே கட்டடத்தில் 337 வீடுகள். கடைத்தெரு கட்டடத்தின் நடுவே, பிள்ளைகள் விளையாடும் இடம் மொட்டைமாடியில். அந்தப் பணியில் நதீருக்கும் பங்கு உண்டு. அவர் இரண்டாம் முறை அங்கே இருந்த 1951-ஆம் ஆண்டில்தான் நம் சண்டிகர் நகரத் திட்டமும் அதே அலுவலகத்துக்கு வந்தது.

லெ கார்புசியே காலையில் ஓவியம் வரைவார், பிற்பகலில்தான் கட்டட வேலைக்கு வருவார். நதீருக்கும் காலை நேரத்தை ஓவியத்துக்கென்று விட்டுக்கொடுத்தார். ஓர் இளம் பணியாளருக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதை வேலைக்குப் போய்க்கொண்டே கலையை வளர்க்கும் எவரும் அறிவர்.

அங்கே வடிவத்தைப் பற்றிய ஒரு கொள்கையும் நடைமுறையில் இருந்தது. 183 செ.மீ. உயரமுள்ள ஒரு மனிதனை அடிப்படையாக வைத்து லெ கார்புசியே ‘மாடுலர்’ என்ற அளவு முறையை வகுத்திருந்தார். அந்த மனிதன் கையை உயர்த்தினால் 226 செ.மீ. மார்செய் கட்டடத்தின் உயரம், அகலம், சன்னல் எல்லாம் அந்த அளவுகளிலிருந்து பிறந்தவை. எண்ணை முன்னால் வைத்து வடிவத்தைப் பின்னால் பெறும் வழி இது. நதீர் தேர்ந்தது இதற்கு எதிர்த் திசை. கணக்கு வடிவத்துக்குள் இருக்கிறது. ஆனால் அதைக் கணக்குப் போட்டு அடைய முடியாது. வடிவங்களோடு நெடுங்காலம் உழைத்த கண்தான் அதை உணரும். பிற்காலத்து அவர் நூல்கள் எல்லாவற்றிலும் அடிநாதமாக ஒலிப்பது இதுதான்.

1950-களின் தொடக்கத்தில் அவர் பிரேசில் போய்க் கட்டடக் கலைஞர் ஆஸ்கார் நீமாயரிடம் சேர்ந்தார். சாவோ பாவ்லோ நகரத்தின் 400-ஆம் ஆண்டு நிறைவுக்காக இபிராபுவேரா பூங்காவும் அதன் கண்காட்சி அரங்குகளும் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பணியில் ஈடுபட்டுவிட்டு 1954-இல் பாரிஸ் திரும்பினார்.

கட்டடக்கலை ஒரு கலையா?

இப்படி இரு மேதைகளின் அருகில் இருந்தவர் கட்டடக்கலையைப் பற்றி எழுதியது என்ன? 1948-இல் போர்த்தோவில் அவர் அளித்த பட்ட ஆய்வின் தலைப்பே ‘கட்டடக்கலை ஒரு கலை அன்று’ என்பது. லெ கார்புசியேயின் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர் அப்படி ஒரு தலைப்பை வைக்க நெஞ்சுரம் வேண்டும்.

அவர் வாதம் எளிது. கட்டடம் பலர் கூடிச் செய்வது. பொறியாளர், கட்டுபவர், பணம் போடுபவர், குடியிருப்பவர் என்று ஒவ்வொருவரின் தேவையும் அதில் கலக்கிறது. சன்னல் எங்கே வரவேண்டும் என்பதை வெளிச்சமும் காற்றும் முடிவு செய்கின்றன. படிக்கட்டின் உயரத்தை மனிதக் கால் முடிவு செய்கிறது. இத்தனைக்கும் கட்டுப்பட்ட வடிவம், வடிவத்தின் விதிக்கு மட்டும் கட்டுப்பட முடியாது. ஆகவே கட்டடக்கலை ஓர் அறிவியல். அதன் பெருமை அதற்கு உண்டு, ஆனால் அது வேறு பெருமை.

இந்த முடிவை என்னால் முழுதாக ஏற்க இயலவில்லை. தேவையும் வடிவமும் ஒன்றையொன்று கூர்தீட்டும் கட்டடங்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த வாதத்துக்குள் இருக்கும் நேர்மையை மதிக்கிறேன். தான் தேடுவது எந்த இடத்தில் கிடைக்காது என்பதை அவர் தெளிவாகக் கண்டுகொண்டார். அதன் பிறகும் பிழைப்புக்காக அந்தத் தொழிலைச் செய்தார். ஷாவெஸிலும் வீலா ரியாலிலும் அவர் வடிவமைத்த ரொட்டித் தொழிற்கூடங்கள் போர்ச்சுகலின் நவீனக் கட்டடங்களுள் பேசப்படுபவை. ஒருவழியாக 1965-இல் கட்டடத் தொழிலை முற்றிலும் கைவிட்டார். சமூகப் புழக்கம் தனக்கு ஒத்துவரவில்லை என்று உணர்ந்து, மெல்ல மெல்லத் தனிமைக்குள் போய், வரைவதும் எழுதுவதுமே வாழ்க்கை என்று ஆக்கிக்கொண்டார்.

எல்லையில்லா வெளி

1950-களின் நடுவில் பாரிஸில் வடிவியல் அருவம் ஓர் இயக்கமாக வலுப்பெற்றிருந்தது. தெனிஸ் ரெனே என்ற பெண்மணி நடத்திய ஓவியக்கூடம் அதன் மையம். விக்டர் வாசரெலி, ரிச்சர்ட் மோர்டென்சன், ஒகுஸ்த் எர்பின் ஆகியோரோடு நதீர் நெருங்கியது இங்கேதான். 1955-இல் அந்தக் கூடத்தில் நடந்த ‘அசைவு’ என்ற கண்காட்சி, கலைப்பொருள் அசையலாம் என்பதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தது. டிங்கெலி, சோட்டோ, கால்டர் போன்றோரின் படைப்புகள் அதில் இருந்தன.

நதீர் அந்தக் காலத்தில் வரைந்த வரிசைக்கு ‘எஸ்பாசிலிமிதே’ என்று பெயர். எல்லையற்ற வெளி என்று கொள்ளலாம். இந்த ஓவியங்களைச் சற்று நின்று பார்ப்போம். கிடைமட்டமாக நீளும் தளம். அதன்மேல் தட்டையான நிறத்தில், நிழலோ ஆழமோ இல்லாத சின்னச் சின்ன வடிவங்கள். ஒரு வடிவம் வருகிறது, சிறிது இடைவெளி, அதே வடிவம் சற்றே மாறி மறுபடியும் வருகிறது. கண் ஓரிடத்தில் தங்காமல் அடுத்ததைத் தேடி ஓடுகிறது. ஓவியத்தின் ஓரத்துக்கு வந்த பிறகும் அந்த ஓட்டம் நிற்பதில்லை. சட்டத்துக்கு வெளியேயும் இந்த வரிசை போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அதை நிஜமாகவே செய்தும் பார்த்தார். நீண்ட கித்தானின் இரு முனைகளையும் சேர்த்து, உருளைகளில் மாட்டி, மோட்டாரால் சுழலவிட்டார். பார்ப்பவர் முன்னால் ஒரு பகுதி மட்டும் தெரியும். வடிவங்கள் ஒரு பக்கம் தோன்றி, கடந்து, மறு பக்கம் மறையும். தொடக்கமும் முடிவும் கிடையாது. 1958-இல் பாரிஸின் ‘ரெயாலிதே நூவெல்’ கண்காட்சியில் இந்த அசையும் ஓவியம் வைக்கப்பட்டது. கலையைப் பற்றிய அவரது முதல் நூலான ‘லா சான்சிபிலிதே பிளாஸ்தீக்’ வந்ததும் அதே ஆண்டுதான்.

மோட்டாரை அவர் தன் வழியாகக் கொள்ளவில்லை என்பது இங்கே முக்கியம். நண்பர்கள் பலர் இயந்திர அசைவிலும் கண்மயக்கிலும் மேலும் மேலும் போனபோது, நதீர் அசையாத கித்தானுக்கே திரும்பினார். அசைவைத் தருவது பொறி அல்ல, வடிவங்களுக்கு இடையே இருக்கும் உறவு என்பதை அந்தச் சோதனை அவருக்கு உறுதிப்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான்கு குணங்கள்

இனி அவர் கொள்கைக்கு வருவோம். ஒரு பொருளை நாம் விரும்புவதற்கு நான்கு குணங்கள் காரணமாகலாம் என்றார் நதீர். நிறைவு, உணர்வெழுப்பல், புதுமை, இசைவு.

நன்றாகச் செய்த நாற்காலி உட்கார வசதியாக இருக்கிறது, அது நிறைவு. மறைந்த தந்தையின் மூக்குக்கண்ணாடி நெஞ்சைத் தொடுகிறது, அது உணர்வெழுப்பல். இதுவரை காணாத ஒன்று வியப்பூட்டுகிறது, அது புதுமை. இம்மூன்றும் பார்ப்பவரைப் பொறுத்தவை. தேவை மாறினால் நிறைவு போய்விடும். அந்தக் கண்ணாடி அயலாருக்கு வெறும் கண்ணாடி. இன்று புதியது நாளை பழையது. நான்காவதான இசைவு மட்டும் வடிவங்களிலேயே இருப்பது, கணக்கின் தன்மை கொண்டது, காலத்தால் மாறாதது. முதல் மூன்றும் அன்றாடப் பொருள்களுக்கும் உண்டு. கலைக்கே உரியது நான்காவதுதான். விமர்சகர்கள் பெரும்பாலும் முதல் மூன்றையே கண்டு, அதையே கலை என்று புகழ்கிறார்கள் என்று அவர் வருந்தினார். 1970-இல் வந்த ‘கலைப் படைப்பின் இயங்குமுறைகள்’ தொடங்கி, முதிய வயதில் எழுதிய நூல்கள் வரை இந்த வாதத்தையே திரும்பத் திரும்பச் செப்பனிட்டார்.

விதி இருக்கிறது என்றால் அதை எழுதிக் காட்டலாமே என்று கேட்கலாம். நதீரின் விடை, அறிவு அதை வகுத்துச் சொல்லும் முன்பே புலன் அதை உணர்ந்துவிடுகிறது என்பது. பாட்டுக் கேட்டுப் பழகியவருக்குச் சுருதி விலகினால் உடனே தெரிகிறது. அதிர்வெண் எத்தனை என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த விலகல் அவருடைய கற்பனையும் அன்று, அளந்து பார்க்கக்கூடிய உண்மை. கண்ணுக்கும் அப்படி ஒரு சுருதி உண்டு என்பதே அவர் கொள்கை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு மறுப்பு உண்டு. ஒரு பண்பாட்டில் வளர்ந்த கண்ணுக்கு இசைவாகப் படுவது இன்னொரு பண்பாட்டுக் கண்ணுக்கு அப்படிப் படாமல் போகலாம். நதீர் தன் விதியைச் சூத்திரமாக நிறுவிக் காட்டவும் இல்லை. எனவே அதை நிரூபணமான உண்மையாக நான் உங்கள் முன் வைக்கவில்லை. ஆனால் வேலை செய்யும் கலைஞனுக்கு இதைவிடக் கடுமையான, இதைவிட நேர்மையான ஒழுக்கம் வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று முடித்துக்கொள்ளும் உரிமையை இந்தக் கொள்கை கலைஞனிடமிருந்து பறித்துவிடுகிறது. படம் சரியாக நிற்கும் வரை கையை எடுக்க முடியாது. நதீர் அப்படித்தான் உழைத்தார். சிறிய தாள்களில் குவாஷ் வண்ணத்தில் வரைந்து பார்ப்பார். பிறகே பெரிய கித்தானுக்குப் போவார். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஓவியத்தை மீண்டும் எடுத்துத் திருத்துவார்.

நகரங்கள்

அவருடைய பிற்கால ஓவியங்களில் பெரும்பாலானவற்றுக்கு நகரங்களே பொருள். வெனிஸ் உட்பட உலகத்து நகரங்கள் பல அவர் கித்தானில் வந்தன. நகரம் என்றதும் தெருவும் கோபுரமும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் வெண்மையான தளம். அதில் விரைந்து வளையும் கருங்கோடுகள், பாலம் என்றால் பாலம், படகின் முனை என்றால் படகின் முனை. அவற்றை ஒட்டிக் கூட்டம் கூட்டமாகச் சிறு செவ்வகங்கள், முக்கோணங்கள், வட்டங்கள். ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி, நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். கடைசிக் காலத்தில் மனித உருவங்களும் அந்த வடிவங்களுக்குள்ளிருந்து எழுந்தன. லிஸ்பனின் ரெஸ்டவுராதோரெஸ் மெட்ரோ நிலையத்தில் நகரங்களைக் கருப்பொருளாக்கி அவர் அமைத்த ஓட்டுச் சித்திரங்கள் உண்டு. நாள்தோறும் வேலைக்குப் போய்வருவோர் அவற்றைக் கடந்து போகிறார்கள்.

கட்டடத்தைத் துறந்தவர் நகரத்தைத் துறக்கவில்லை. தேவைகளும் செலவும் குறுக்கிடாத நகரத்தைக் கித்தானில் கட்டினார். இளமையில் ரிபெய்ராவின் வீட்டு அடுக்குகளில் அவர் கண்ட ஒழுங்கு இங்கே வீடுகளை விட்டுவிட்டுத் தனியாக நிற்கிறது.

அவர் வாழ்ந்த நாடு 1974 ஏப்ரல் வரை சர்வாதிகார ஆட்சியில் இருந்தது. தணிக்கை இருந்தது. நண்பர்களில் சிலர் ஏழை உழைப்பாளிகளை வரைந்து கலையைப் போராட்டக் கருவியாக்கினார்கள். நதீர் அந்த வழியில் செல்லவில்லை. 1961-இலும் 1969-இலும் சாவோ பாவ்லோ பியெனால் கலைக் கண்காட்சியில் போர்ச்சுகல் சார்பில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. 1967-இல் தேசிய ஓவியப் பரிசும் பெற்றார். அவரைப் போராளியாகக் காட்டுவது பொய்யாகிவிடும். ஆனால் வடிவத்தின் உண்மை எந்த அதிகாரத்தின் கட்டளைக்கும், எந்த அணியின் முழக்கத்துக்கும் வளையாது என்று வாழ்ந்து காட்டியதற்கும் ஒரு கண்ணியம் உண்டு. அதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

2016-இல் ஷாவெஸில், அதே தமேகா ஆற்றின் கரையில், அவர் பெயரால் தற்காலக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ஆல்வாரோ சிசா. வெள்ளம் வந்தால் நீர் அடியில் ஓடிவிடும்படி, வரிசையாக நிற்கும் சுவர்களின்மேல் தூக்கி வைத்த நீண்ட வெண்ணிறக் கட்டடம். ஆற்றுக்கும் வெள்ளத்துக்கும் விடை சொல்லப் போய் அது தன் அழகைப் பெற்றிருக்கிறது. ‘கட்டடக்கலை ஒரு கலை அன்று’ என்றவருக்கு இதைவிட நல்ல மரியாதையும் இல்லை, இதைவிட நல்ல மறுமொழியும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல்

இங்கே கூடியிருக்கும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை ஓர் அருவ ஓவியத்தின் முன் நிற்கும்போது பொருளைத் தேடாதீர்கள். எட்ட நின்றபடியே கையை உயர்த்தி, ஒரே ஒரு வடிவத்தை உங்கள் பார்வையிலிருந்து மறைத்துப் பாருங்கள். மற்றவை சரிகின்றனவா? எடை ஒரு பக்கம் சாய்கிறதா? அல்லது ஒன்றுமே ஆகவில்லையா? ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த வடிவம் அங்கே தேவையில்லை. குலைகிறது என்றால், ஏன் குலைகிறது என்று கேளுங்கள். உங்கள் சொந்தப் படத்துக்கும் இதே சோதனையைத் தயவு பாராமல் செய்யுங்கள்.

அழகு அவரவர் விருப்பம் என்று சொல்லிவிடுவது பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அது பார்க்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது. விருப்பம் என்றால் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை, கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. இசைவு என்று ஒன்று உண்டு, பழகினால் அது கண்ணுக்குப் புலப்படும் என்று நம்பினால்தான் கலைப்பள்ளிக்கும், ஆசிரியருக்கும், இப்படி ஓர் அறக்கட்டளைக்கும் பொருள் இருக்கிறது. நதீர் அஃபோன்சோவின் விதியை நீங்கள் ஏற்காமல் போகலாம். அவர் கேட்ட கேள்வியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.